உப்புப் பார்க்காத கஞ்சி

பிப்ரவரி 23, ஞாயிறு

இந்த டைரி என் மகள் நிலோபர் கொண்டுவந்து கொடுத்தது. மதுரையில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிறாள். அங்கே வருஷா வருஷம் இலவசமாகக் கொடுப்பார்களாம். அட்டையில் கிட்னி படம் போட்டிருக்கிறது. கையில் எடுக்கவே மனசு வரவில்லை.

"என்ன சாப்பிடுறீங்க, எவ்வளவு சாப்பிடுறீங்கன்னு தெனம் இதுல எழுதி வைங்கத்தா. எழுதுனாத்தான் உங்களுக்கே உறைக்கும்" என்றாள். இந்த வட்டாரத்தில் யார் வீட்டு நிக்காஹ் என்றாலும் பண்டாரி நத்தர்ஷா சமைக்க வருவானா என்று கேட்டுவிட்டுத்தான் மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுப்பார்கள். அப்பேர்ப்பட்டவன் தான் தின்ற இட்லியை எண்ணி எழுத வேண்டுமாம். என் நேரம்.

சரி, எழுதுகிறேன். காலை இட்லி. மதியம் சோறு. ராத்திரி சப்பாத்தி. சோற்றை விட்டுச் சப்பாத்திக்கு மாறினால் சர்க்கரை இறங்கிவிடும் என்று ஊரே சொல்கிறது. அதனால் ஆறு சப்பாத்தி தின்றேன்.

இன்று பள்ளிவாசலில் சர்க்கரை முகாம். நோன்பு வருவதற்குள் எல்லாரும் ஒருமுறை பார்த்துக்கொள்ளட்டும் என்று ஜமாஅத்து ஏற்பாடு. விரலில் குத்தினார்கள். 386 என்றது மெஷின். டாக்டருக்கு மீசை கூடச் சரியாக முளைக்கவில்லை. என் பாதத்தைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, தூண்டில் நரம்பு மாதிரி ஒன்றால் அங்கங்கே தொட்டு, "கண்ண மூடிக்கிட்டு, தெரியும்போது சொல்லுங்க பாய்" என்றார். எதற்குக் கண்ணை மூட வேண்டும்? இமைக்குக் கீழே கொஞ்சம் சந்து விட்டுப் பார்த்துக்கொண்டே சொன்னேன். பத்துக்குப் பத்து.

"நரம்பு நல்லாத்தான் இருக்கு. ஆனா இவ்வளவு சர்க்கரைய வச்சுக்கிட்டு இந்த வருசம் நோன்பு வேணாம். இன்சுலின் ஊசி எழுதித் தர்றேன், போடுங்க. காலப் பத்திரமாப் பாத்துக்குங்க. ஒரு சின்னப் புண்ணு வந்தாலும் ஆறாது. அப்புறம் காலையே எடுக்க வேண்டி வரும்" என்றார்.

ஊசி மருந்து ஃப்ரிட்ஜில் மோர்ச் சட்டிக்குப் பின்னால் இருக்கிறது. அங்கேயே இருக்கட்டும்.

பிப்ரவரி 28, வெள்ளி

டாக்டர் பற்ற வைத்தது ஹஜ்ரத் வரைக்கும் போய்விட்டது. ஜும்ஆ தொழுகை முடிந்து இமாம் ஹஜ்ரத் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "நத்தர் பாய், நோயாளிக்கு அல்லாவே சலுகை குடுத்திருக்கான். முடியாதவங்க ஒரு நோன்புக்கு ஒரு ஏழைக்குச் சாப்பாடு குடுத்தாப் போதும். அவன் குடுத்ததத் தள்ளி விடுறது பக்தி இல்ல" என்றார்.

"அப்ப பள்ளிவாசல் நோன்புக் கஞ்சி யாரு காச்சுறது ஹஜ்ரத்?"

"நீங்களே காச்சுங்க. நோன்பு இல்லாமக் காச்சுங்க. யாரு வேணாங்குறா?"

அவருக்குச் சொன்னால் புரியாது. முப்பது நாளும் நோன்பு வைத்துக்கொண்டு, ஒரு துளி நாக்கில் படாமல், ஆவியை முகர்ந்தே உப்புச் சொல்கிற கை என்னுடையது. எனக்கு முன்னால் இதே கஞ்சியைக் காய்ச்சிய, என்னைப் பெற்ற அத்தாவும் இப்படித்தான். நான் நோன்பு இல்லாமல் நின்றால் அப்புறம் நத்தர் கஞ்சிக்கும் கடைக் கஞ்சிக்கும் என்ன வித்தியாசம்? நாலு பேர் வேறு பேசுவார்கள்.

பின்னால் நின்றுகொண்டிருந்த ஹக்கீம், "உடம்பு முடியலன்னா சொல்லுங்க மச்சான், நான் பாத்துக்கிர்றேன்" என்றான். ஹக்கீம் என் மனைவி சபுராவின் தம்பி. எனக்கு விறகு தள்ளுகிறவன். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். கஞ்சி கிண்டுகிற துடுப்பு அவன் கைக்குப் போக வேண்டுமானால் நான் மௌத்தாக வேண்டும்.

மார்ச் 2, ஞாயிறு

முதல் நோன்பு. விடியுமுன் சஹருக்குச் சோறு, கத்தரிக்காய்க் குழம்பு. கடைசியில் தயிர்ச் சோற்றில் இரண்டு வாழைப்பழத்தைப் பிசைந்து, கொஞ்சம் சீனி போட்டு. அது இல்லாமல் சஹர் சாப்பிட்ட மாதிரி இருக்காது. பகல் முழுக்கப் பட்டினி கிடக்கப் போகிறவனுக்குச் சர்க்கரை எங்கிருந்து ஏறும்? வழக்கமாகப் போடுகிற சர்க்கரை மாத்திரையும் வேண்டாம் என்று வைத்துவிட்டேன். சாப்பிடாத வயிற்றுக்கு மாத்திரை எதற்கு?

மதியம் லுஹர் தொழுதுவிட்டுப் பள்ளிவாசல் பின்கட்டில் அடுப்பு மூட்டினோம். பெரிய தேக்சா அண்டாவில் தண்ணீர், வெந்தயம், பாசிப்பருப்பு, கழுவிய பச்சரிசி, கொத்துக்கறி, இஞ்சி பூண்டு, கடைசியில் தேங்காய்ப்பால். இறக்கும் நேரத்துக்கு முன்னால் நான் முகத்தை ஆவியில் காட்டி மூச்சை இழுத்தேன். "இன்னும் ஒரு கை உப்பு" என்றேன். போட்டேன். போட்டுவிட்டுச் சாயங்காலத் தொழுகை அஸருக்குக் கை கால் கழுவி ஒளு செய்யப் போனேன்.

நோன்பு திறந்து எல்லாரும் முதல் கஞ்சியைக் குடிக்கும்போது நான் அவர்கள் முகத்தைத்தான் பார்ப்பேன். யாரும் உப்பைத் தேடவில்லை. நிலோபர் சின்ன வயசிலிருந்தே, "உப்புக்கு வாசனையே கிடையாதுத்தா" என்பாள். அவளுக்குக் கிடையாது.

நான் மூன்று கோப்பை கஞ்சி குடித்தேன். கஞ்சி சோற்றுக் கணக்கில் வராது, தண்ணீர் மாதிரிதான். பேரீச்சம்பழம், சமோசா, நன்னாரி சர்பத். ராத்திரி தராவீஹ் தொழுதுவிட்டு வந்து பரோட்டா.

மார்ச் 5, புதன்

நேற்று மாதிரியே.

மார்ச் 7, வெள்ளி

கைலி இடுப்பில் நிற்கவில்லை. பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டேன். பார்த்தாயா, நோன்பு வைத்தால் உடம்பு எப்படி இறங்குகிறது என்று சபுராவிடம் சொன்னேன். "இது எறங்குறதாங்க? கன்னம் ஒட்டிப் போச்சு" என்கிறாள். ஏறினாலும் குற்றம், இறங்கினாலும் குற்றம்.

தாகம்தான் தாங்கவில்லை. அது நோன்பென்றால் இருக்கத்தான் செய்யும். ராத்திரி குடித்த தண்ணீரெல்லாம் பாத்ரூமுக்கே போய்விடுகிறது. அங்கே எறும்பு வரிசை வைக்கிறது. சபுரா மஞ்சள் தூளைத் தூவினாள். எறும்புக்கு இந்த வீட்டில் என்ன இருக்கிறதோ தெரியவில்லை.

தராவீஹ் முடிந்து வரும்போது இடது கால் செருப்பைத் தெருவில் எங்கேயோ விட்டுவிட்டேன். வீட்டு வாசலில் குனிந்தபோதுதான் பார்த்தேன். செருப்பு பழசு, வார் தளர்ந்துவிட்டது.

மார்ச் 9, ஞாயிறு

நிலோபர் வந்தாள். வந்ததும் வராததுமாகப் பையிலிருந்து சர்க்கரை பார்க்கிற மெஷினை எடுத்தாள். குத்தி ரத்தம் எடுத்தால் நோன்பு முறிந்துவிடும் என்றேன். உடனே ஹஜ்ரத்துக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, முறியாது என்று சொல்ல வைத்துவிட்டாள். இப்போதைய பிள்ளைகளிடம் வாயைக் கொடுக்கக் கூடாது. எனக்குக் கஞ்சிக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டேன்.

நோன்பு திறந்த பிறகு மறுபடி மெஷினோடு வந்து நின்றாள். நான் தராவீஹுக்குப் போனேன். திரும்பி வருவதற்குள் அவளுக்குக் கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

போகும்போது, "டைரி எழுதுறீங்களாத்தா?" என்று கேட்டாள். எழுதுகிறேன் என்றேன். பொய் சொல்லவில்லை.

மார்ச் 12, புதன்

இன்று கஞ்சி கொதிக்கும்போது ஹக்கீம், "மச்சான், என்னமோ கருகுற வாடை அடிக்குது" என்றான். அடி பிடித்துவிட்டதோ என்று துடுப்பால் வழித்துப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. "என் தேக்சா ஒரு நாளும் அடி பிடிக்காது, உன் மூக்கக் கழுவிட்டு வா" என்றேன். அவன் விடவில்லை. "முடி பொசுங்குற மாதிரி இருக்கு மச்சான், சட்டையில கிட்டையில பட்ருச்சா பாருங்க" என்றான். சட்டையை உதறிப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. கஞ்சி கிண்டும்போது நான் செருப்பு போடுவதில்லை. அடுப்பைச் சுற்றித் தணல் சிதறிக் கிடந்தது. அதை ஒழுங்காகக் கூட்டச் சொல்லி அவனைத் திட்டினேன்.

மார்ச் 13, வியாழன்

ஒளு செய்யும்போது இடது உள்ளங்காலில் கொப்புளம் தட்டுப்பட்டது. தூக்கிப் பார்த்தால் பெருவிரலுக்குக் கீழே ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு, நடுவில் கறுப்பாக. எங்கேயோ பட்டிருக்கிறது. வலி துளியும் இல்லை. வலிக்கிற புண்தான் கெட்ட புண் என்பார்கள்.

பற்பசை தடவினேன். சபுராவிடம் சொல்லவில்லை. சொன்னால் நிலோபருக்குப் போன் போகும். நிலோபருக்குப் போனால் ஆஸ்பத்திரி. ஆஸ்பத்திரி என்றால் துடுப்பு ஹக்கீம் கையில்.

மார்ச் 15, சனி

புண்ணுக்குக் கறி ஆகாது, முட்டை ஆகாது, மீன் ஆகவே ஆகாது. சீழ் பிடித்துவிடும். இது எனக்குத் தெரியாதா? எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். கஞ்சியில் கிடக்கிற கொத்துக்கறியைக் கூட ஒதுக்கிவிட்டுக் குடிக்கிறேன். பருப்பு வாயு, அதுவும் வேண்டாம். வெறும் ரசஞ்சோறு. வயிற்றில் சூடு என்று சபுராவிடம் சொன்னேன். பாவம், தினமும் ஜவ்வரிசிக் கஞ்சி, கூவைக்கிழங்குக் கஞ்சி என்று மாற்றி மாற்றிக் காய்ச்சித் தருகிறாள். ஒரு கை பனங்கற்கண்டும் போடுகிறாள். சீனி கெடுதல், கற்கண்டு குளிர்ச்சி.

இவ்வளவு பத்தியம் இருந்தும் புண் ஓரம் வெளுத்துக் கிடக்கிறது. மஞ்சளும் வேப்பெண்ணெயும் வைத்துத் துணி சுற்றி, மேலே சாக்ஸ் போட்டுக்கொண்டேன். சபுரா கேட்டாள். பித்தவெடிப்பு என்றேன்.

மார்ச் 17, திங்கள்

அஸருக்குக் கொஞ்சம் முன்னால் ஹஜ்ரத்திடம் போய், "ஒரு ஆளு கேக்கச் சொன்னாரு. கால்ல கட்டுப் போட்டிருந்தா ஒளு எப்படிச் செய்யிறது?" என்று கேட்டேன்.

"கட்டு மேல ஈரக்கையால தடவிக்கிட்டாப் போதும்" என்றார். சொல்லிவிட்டு என் சாக்ஸைப் பார்த்தார். "அந்த ஆளு டாக்டரப் பாத்தாரா?"

"பாத்துக்கிட்டுத்தான் இருக்காரு."

"நத்தர் பாய்" என்றார். அதற்குள் ஹக்கீம் தேங்காய்ப்பால் ஊற்றலாமா என்று கூப்பிட்டான். அவன் கூப்பிட்டது முதல் தடவையாக நல்ல நேரத்தில் அமைந்தது.

மார்ச் 19, புதன்

இன்று கஞ்சி தண்ணியாக இருந்தது. நான் காய்ச்சியது அப்படி இல்லை. ஒளு செய்துவிட்டு வருவதற்குள் யாரோ வெந்நீர் ஊற்றியிருக்கிறார்கள். அப்படியும் உப்பு தூக்கலாக இருந்ததாம். ஒரு பெரியவர் கோப்பையைப் பாதியில் வைத்துவிட்டார். ஹக்கீமைப் பிடித்து எல்லார் முன்னாலும் கத்தினேன். அவன் குனிந்தபடி தேக்சாவைக் கழுவிக்கொண்டிருந்தான். குற்றமுள்ள நெஞ்சு.

யானைக்கும் அடி சறுக்கும். உப்பு பாக்கெட் வேறு கம்பெனி.

மார்ச் 20, வியாழன்

வீட்டில் எலி செத்துக் கிடக்கிறது. சபுராதான் முதலில் சொன்னாள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. "ஆவிய மோந்து உப்புச் சொல்ற ஆளுக்கு இந்த நாத்தம் தெரியலையா?" என்று கேட்டாள். எனக்கு லேசாகச் சளி. அடுப்பங்கரைப் பரணில் தேடினாள். இல்லை.

மார்ச் 21, வெள்ளி

ஜும்ஆவில் நல்ல கூட்டம். ஆனாலும் என் இரண்டு பக்கமும் தாராளமாக இடம் இருந்தது. வரிசையில் தோளோடு தோள் நிற்க வேண்டும் என்று ஹஜ்ரத் சொல்லிக்கொண்டே இருந்தார். வலது பக்கம் நின்றவர் பின்வரிசைக்குப் போய்விட்டார். வெயில் காலம், எல்லாரும் காற்று தேடுகிறார்கள்.

சபுரா பீரோவுக்குப் பின்னால் தேடினாள். எலி கிடைக்கவில்லை. நோன்போடு தரையில் தவழ்ந்து தவழ்ந்து அவளுக்கு மூட்டு வலி வந்துவிட்டது. சாம்பிராணி போட்டாள்.

மார்ச் 24, திங்கள்

குளிர் எடுக்கிறது. பங்குனி வெயிலில் போர்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எழுத்து இரண்டு இரண்டாகத் தெரிகிறது. அடுப்புப் பக்கம் நின்றால்தான் இதமாக இருக்கிறது. இன்னும் ஒரு வாரம்தான். பெருநாள் பிறையைப் பார்த்துவிட்டு நானே ஆஸ்பத்திரிக்குப் போவேன். யாரும் சொல்ல வேண்டியதில்லை.

ரகசியமாகச் சாக்ஸைக் கழற்றினேன். துணி ஒட்டிக்கொண்டு வரவில்லை. அப்படியே மாட்டிக்கொண்டேன். கெண்டைக்கால் வரை சிவந்திருக்கிறது. நின்று நின்று ரத்தம் இறங்கியிருக்கும்.

பயமாக இருக்கிறது. இதை எழுதக் கூடாது என்று நினைத்தேன், எழுதிவிட்டேன்.

மார்ச் 26, புதன்

கஞ்சிக்குப் போகவில்லை. எழுந்தேன், தலை சுற்றிக் கட்டிலிலேயே விழுந்துவிட்டேன். சபுரா ஹக்கீமுக்குச் சொல்லி அனுப்பிவிட்டு, "இந்த எலிய இன்னைக்கு விடுறதா இல்ல" என்று முந்தானையை இடுப்பில் சொருகினாள். நான் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். மூக்கைச் சுருக்கிக்கொண்டு ஒவ்வொரு மூலையாக வந்தாள். பீரோ, துணி மூட்டை, தையல் மெஷின். அப்புறம் கட்டிலுக்கு அடியில் குனிந்தாள். நிமிர்ந்தாள். மறுபடியும் குனிந்து, கட்டில் ஓரமாகவே மெல்ல நகர்ந்து என் கால்மாட்டுக்கு வந்தாள். அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். "இருக்கா?" என்று கேட்டேன்.

அப்புறம் போர்வையை விலக்கினாள். சாக்ஸின் மேல் ஈ உட்கார்ந்திருந்தது.

"எலி எங்கயும் இல்லங்க" என்றாள்.

மார்ச் 28, வெள்ளி

மதுரை. பெரிய ஆஸ்பத்திரி. கையில் ஊசியோடு எழுதுகிறேன், கோணல் மாணலாக வருகிறது. முதலில் விரலை மட்டும் எடுக்கலாம் என்றார்கள். திறந்து பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றினார்கள். முழங்காலுக்குக் கீழே எடுத்தால்தான் உயிர் தங்கும் என்றார் பெரிய டாக்டர். நிலோபர் கையெழுத்துப் போட்டாள். என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவே இல்லை. திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன்.

சாப்பாடு பற்றிப் பேசுகிற அம்மா ஒருத்தர் வந்தார். சபுரா ஒன்று விடாமல் ஒப்பித்தாள். சஹருக்குத் தயிர்ச்சோறு பழம், திறக்கும்போது கஞ்சி, சர்பத், ராத்திரி பரோட்டா, புண்ணுக்காக நான் இருந்த பத்தியம், ஜவ்வரிசி, கூவைக்கிழங்கு. அந்த அம்மா பேனாவை மூடி வைத்துவிட்டார்.

"எல்லாம் ஒரே சாமான்தாம்மா, பாத்திரந்தான் வேற வேற. கஞ்சியா குடிச்சாலும் சோறா தின்னாலும் உள்ள போனதும் சர்க்கரைதான். பகல்ல பட்டினி கெடந்தாலும் அது தானா எறங்கிடாது. மாத்திரையும் போடல, ஊசியும் போடல. புண்ணு ஆறணும்னா சதை வளரணும். சதை வளர முட்டை, பருப்பு, மீனு, கறி வேணும். அதத்தான் நிறுத்திருக்கீங்க."

"கறி தின்னா சீழ் பிடிக்கும்னு..." என்றேன்.

"சர்க்கரைலதான் பாய் சீழ் பிடிச்சுச்சு" என்றார். சத்தம் போடாமல்தான் சொன்னார். சபுரா முகத்தை மூடிக்கொண்டாள். பனங்கற்கண்டு போட்டது அவள் கை. ஆனால் புண்ணை மறைத்தது நான். அவளிடம் அதைச் சொல்ல வேண்டும். இன்னும் சொல்லவில்லை.

மார்ச் 31, திங்கள்

பெருநாள். கால் இல்லை.

ஹக்கீம் புதுச் சட்டையோடு வந்தான். பிரியாணி கொண்டுவந்திருந்தான். வார்டே மணந்தது, எனக்குக் கொடுக்கக் கூடாதாம். கஞ்சி எப்படி ஓடியது என்று கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை. "நல்லாத்தான் ஓடுச்சு மச்சான்" என்றான்.

"உப்பு?"

"சரியா இருந்துச்சு."

"ஆவியில பாத்தியா?"

அவன் தரையைப் பார்த்தான். நான் விடவில்லை. கடைசியில் சொன்னான். "கோவிச்சுக்காதீங்க மச்சான். நீங்க உப்பப் போட்டுட்டு ஒளு செய்யப் போவீங்கள்ல. அந்தக் கேப்புல கஞ்சி வாங்க வாளியோட நிக்கிற சின்னப் பிள்ளைங்கள்ல ஒண்ணக் கூப்பிட்டு ருசி பாக்கச் சொல்லுவோம். நோன்பு இல்லாத பிள்ளைங்கதான். கொறஞ்சா உப்பு, கூடுனா வெந்நீரு. வருசா வருசம் அப்படித்தான். உங்க அத்தா காலத்துலயே இப்படித்தானாம், எங்க அத்தா சொல்லித்தான் எனக்கே தெரியும்."

"அன்னைக்குத் தண்ணியா இருந்தது?"

"அன்னைக்கு ரெண்டு தடவ உப்பப் போட்டுட்டீங்க மச்சான். எவ்வளவு ஊத்தியும் அடங்கல."

எல்லார் முன்னாலும் அவனைத் திட்டியது நினைவுக்கு வந்தது. அவன் தேக்சாவைக் கழுவிக்கொண்டிருந்ததும். ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று கேட்டேன். அவன் பிரியாணிப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு பக்கத்துக் கட்டில்காரருக்குக் கொடுத்தான்.

அவன் போன பிறகு சுவர்ப் பக்கம் திரும்பி அழுதேன். காலுக்காகத்தான் அழுகிறேன் என்று சபுரா நினைத்தாள். நினைத்துக்கொள்ளட்டும்.

ஏப்ரல் 8, செவ்வாய்

காலை: இட்லி இரண்டு, அவித்த முட்டை. மதியம்: ஒரு கரண்டி சோறு, பருப்பு, கீரை, மீன். நிலோபர் சொன்னபடி எழுதிவிட்டேன். கரண்டி அவர்களுடைய கரண்டி. அதில் கோழிக்குஞ்சுக்குத்தான் சோறு போடலாம்.

இன்று டாக்டர் வலது காலைப் பார்க்க வந்தார். இருக்கிற காலையாவது காப்பாற்ற வேண்டும் என்றார். சட்டைப் பையிலிருந்து, முகாமில் பார்த்த அதே மாதிரித் தூண்டில் நரம்பை எடுத்தார். "கண்ண மூடிக்குங்க. தொடும்போது தெரிஞ்சாச் சொல்லுங்க."

மூடினேன். சபுரா எழுந்து வந்து தலைமாட்டில் நின்றாள். "இவரு மூட மாட்டாரு சார்" என்று சொல்லிவிட்டு, தன் உள்ளங்கையை என் இரண்டு கண்ணின் மேலும் வைத்து அழுத்தினாள். இருட்டாகிவிட்டது. அவள் கையில் ஆஸ்பத்திரி சோப்பு வாசனை.

காத்திருந்தேன். ஒன்றும் இல்லை. ரொம்ப நேரம் சும்மா இருந்தால் சந்தேகப்படுவார்கள். "தெரியுது" என்றேன்.

மனசுக்குள் மூன்று எண்ணினேன்.

"இப்பவும் தெரியுது" என்றேன். "பெருவிரல்ல."

"நான் இன்னும் தொடவே இல்ல பாய்" என்றார் டாக்டர்.

அப்புறம் தொட்டிருப்பார் போலிருக்கிறது. எங்கே, எத்தனை தடவை என்று எனக்குத் தெரியாது. பேப்பரில் எழுதுகிற சத்தம் கேட்டது. நர்ஸ் ஏதோ கேட்டாள், அவர் "இல்ல" என்றார். மறுபடியும் "இல்ல" என்றார். காலடிச் சத்தம் அடுத்த கட்டிலுக்குப் போனது.

முடிந்துவிட்டது, கையை எடு என்றேன். சபுரா எடுக்கவில்லை.